பையப் போகும் பைத்தான்: வட்டாரச் சொல் பொறுக்கும் நிரலில் நேரம் எங்கே போகிறது?

வட்டார வழக்கை ஆராய்கிறவர்களுக்குப் பேச்சைப் பதிவுசெய்வது இப்போது பெரிய வேலை இல்லை, போன் போதும். திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் பாய் நெய்கிறவர்கள், உவரியில் கடலுக்குப் போகிறவர்கள், முக்கூடலில் பீடி சுற்றுகிறவர்கள் என்று பலரைப் பேசவைத்து, கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தால் லட்சக்கணக்கில் சொற்கள் சேர்ந்துவிடும். சிக்கல் அதற்கப்புறம். அந்தக் குவியலிலிருந்து ‘அங்கன’, ‘வெள்ளன’, ‘சொன்னாவ’, ‘ஏட்டி’ மாதிரியானவற்றை மட்டும் தனியே பொறுக்க வேண்டும்.

இதற்குப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதப்படும் நிரல் அநேகமாக ஒரே சாயலில்தான் இருக்கும். பொதுத்தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றை வாசித்து ஒரு லிஸ்டில் (ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய வரிசையில்) வைத்துக்கொள். பேச்சு உரையை வரி வரியாக எடு, இடைவெளியில் உடை. ஒவ்வொரு சொல்லும் பட்டியலில் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் ‘கள்’, ‘க்கு’, ‘இல்’ என்று விகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி பார். அப்போதும் இல்லையென்றால் அது வட்டாரச் சொல்லாக இருக்கலாம்; விடை ஃபைலில் எழுது. நாற்பது, ஐம்பது வரிக்குள் முடிகிற நிரல். தப்பு எதுவும் இல்லை. சரியான விடையும் வரும். ஆனால் எப்போது வரும் என்பதுதான் கேள்வி. பாளையங்கோட்டையில் ஆய்வு மாணவி ஒருவர் இப்படி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். “அண்ணே, சாயங்காலம் போட்டேன், ராத்திரி சாப்பிட்டு வந்து பாத்தா இன்னும் ஓடிட்டுக் கெடக்கு” என்றார்.

இந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் யோசனைகள் மூன்று. லேப்டாப் பழசு, மாற்று. பைத்தானே மெதுவான மொழி, சி-யில் எழுது. வேலையை நாலு த்ரெட்டாக, ஒரே நேரத்தில் ஓடும் நாலு இழையாகப் பிரித்து ஓட்டு. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மூன்றுமே இங்கே உதவாது. இந்த நிரல் மெதுவாக ஓடுவதற்குக் காரணம் மொழியோ இயந்திரமோ இல்லை. செய்யவே தேவையில்லாத வேலையைக் கோடிக்கணக்கான தடவை அது செய்துகொண்டிருக்கிறது.

பைத்தான் மெதுவானது என்ற பேச்சை முதலில் தீர்த்துவிடுவோம். கய்டோ வான் ரொஸ்ஸம் 1991-இல் வெளியிட்ட இந்த மொழி, எழுதியதை பைட்கோடு என்ற இடைநிலை வடிவத்துக்கு மாற்றி, அதை ஒவ்வொரு கட்டளையாக எடுத்து நடத்துகிறது. கூட்டலா, ஒப்பிடலா, எண்ணா, எழுத்துச் சரமா என்பதை எல்லாம் ஓடும்போதுதான் பார்த்து முடிவெடுக்கும். அந்தப் பார்வைக்கு ஒரு செலவு உண்டு. 2022 அக்டோபரில் வந்த 3.11 பதிப்பு அந்தச் செலவைக் குறைத்து, முந்தைய பதிப்பைவிடச் சராசரியாக 25 சதவீதம் வேகமாக ஓடுவதாகப் பைத்தானின் சொந்த ஆவணமே சொல்கிறது. பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளலாம், காசு செலவில்லை. ஆனால் நாலு மணி நேரம் ஓடும் நிரல் அதனால் மூன்றே கால் மணி நேரமாகும், அவ்வளவுதான்.

அளக்கும்போதே ஒளிந்துகொள்வது

எங்கே நேரம் போகிறது என்று பார்க்கப் பைத்தானோடு சேர்ந்தே வரும் கருவி சிப்ரொஃபைல். நிரலை அதன் வழியாக ஓட்டினால் எந்த ஃபங்ஷன் (நிரலில் தனிப் பெயர் வைத்த சிறு பகுதி) எத்தனை தடவை கூப்பிடப்பட்டது, உள்ளே எவ்வளவு நேரம் செலவானது என்று அட்டவணை போட்டுத் தரும். எல்லாப் பாடங்களும் இதைத்தான் முதலில் சொல்லும். நானும் இதைத்தான் சொல்வேன், ஒரு எச்சரிக்கையோடு.

நம் நிரலை அதில் ஓட்டினால், விகுதி கழற்றும் ஃபங்ஷன்தான் மொத்த நேரத்தையும் விழுங்குவதாகக் காட்டும். அதற்குக் கீழே, சரம் இன்னதில் முடிகிறதா என்று பார்க்கும் எண்ட்ஸ்வித் லட்சக்கணக்கான தடவை கூப்பிடப்பட்டிருக்கும். பார்த்தவுடன் எவருக்கும் தோன்றுவது, விகுதி கழற்றுவதுதான் வில்லன் என்று. உடனே விகுதிகளைக் குறைப்பது, எழுத்துகளின் வடிவத்தை வைத்துத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு மாற்றுவது என்று ஒரு நாள் போகும், நேரம் பெரிதாக அசையாது. ஏனென்றால் சிப்ரொஃபைல் ஃபங்ஷன் அழைப்புகளை மட்டுமே எண்ணுகிறது. ‘இந்தச் சொல் இந்த லிஸ்டில் இருக்கிறதா’ என்று கேட்கும் ‘இன்’ ஒரு ஃபங்ஷன் அழைப்பு இல்லை, அது மொழியின் ஒரு குறி. அதன் செலவு அட்டவணையில் தனி வரியாக வராது. அதைச் சுற்றியிருக்கும் ஃபங்ஷனின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். விகுதி ஃபங்ஷனுக்குள்தான் அந்தத் தேடலும் நடக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. தேடலை மட்டும் ஒரு சின்ன ஃபங்ஷனாகப் பிரித்து எழுதி மறுபடி அளக்கலாம். அப்போது அது தனி வரியாக வெளியே வரும். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. அதற்குக் கருவியே வேண்டாம். உரையில் முதல் ஐயாயிரம் சொல்லை மட்டும் கொடுத்து ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உரையை அப்படியே விட்டுவிட்டு, சொற்பட்டியலைப் பாதியாக வெட்டி ஓட்டுங்கள். நேரமும் பாதியாகிறதா? அப்படியானால் குற்றவாளி பட்டியலில் தேடுவதுதான். விகுதி கழற்றுவதுதான் காரணம் என்றால், பட்டியலின் நீளத்தால் நேரம் இவ்வளவு மாறக் காரணமே இல்லை. எதைப் பாதியாக்கினால் நேரம் பாதியாகிறதோ அங்கேதான் செலவு இருக்கிறது. சின்ன நிரல்களுக்கு இதைவிட நம்பகமான சோதனை கிடையாது என்பது என் எண்ணம்.

‘இல்லை’ என்று சொல்ல எவ்வளவு செலவு

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உரையில் 5 லட்சம் சொற்கள், பட்டியலில் 2 லட்சம் சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். லிஸ்டில் ஒரு சொல்லைத் தேடுவது என்றால் பைத்தான் முதல் சொல்லிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போகும். கிடைத்தால் அங்கே நிற்கும். கிடைக்காவிட்டால் 2 லட்சத்தையும் பார்த்துவிட்டுத்தான் ‘இல்லை’ என்று சொல்லும்.

இந்த ஆய்வில் தேடுவதே பட்டியலில் இல்லாத சொற்களை. ஆக, மாணவிக்கு வேண்டிய ஒவ்வொரு சொல்லும்தான் மிக அதிகச் செலவு வைக்கும் சொல். அதோடு நிற்கவில்லை. தமிழில் சொல் அகராதியில் இருக்கும் வடிவத்தில் பேச்சில் வருவது குறைவு. ‘வயலுக்கு’, ‘வயல்ல’, ‘வயலையும்’ என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டுதான் வரும். இவை எல்லாமே முதல் தேடலில் ‘இல்லை’. விகுதியைக் கழற்றி மறுபடி தேடினால் மறுபடி ‘இல்லை’. ஒரு சொல்லுக்குச் சராசரியாக ஐந்து முறை முழுப் பட்டியலும் அலசப்படுகிறது என்று வைத்தால், 5 லட்சம் பெருக்கல் 5 பெருக்கல் 2 லட்சம்: 50,000 கோடி ஒப்பீடு. ஒரு ஒப்பீட்டுக்கு 20 நானோ நொடி என்று தாராளமாகவே வைத்தாலும் 10,000 நொடி, அதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் என்று வரும். பழைய லேப்டாப்பில் சொற்கள் நினைவகம் முழுக்கச் சிதறிக் கிடப்பதால் இது எளிதில் இரட்டிப்பாகும். பகல் பொழுதில் பாதி போய்விடும்.

லிஸ்டுக்குப் பதிலாக செட் வைத்தால் என்ன ஆகிறது? பத்தமடை போக வேண்டிய ஒருவர் திருநெல்வேலி வேய்ந்தான்குளம் புதிய பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி “இது பத்தமடை போகுமா?” என்று கேட்டுக்கொண்டு வருவது லிஸ்ட். அந்தப் பக்கம் போகும் பஸ் நிற்கிற இடம் எது என்று தெரிந்து நேராக அங்கே போவது செட். சொல்லின் எழுத்துகளிலிருந்து ஒரு எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் காட்டும் இடத்தில் மட்டும் பார்க்கிறது பைத்தான். அந்த இடம் காலி என்றால் சொல் இல்லை; அதோடு தேடல் முடிந்தது. பட்டியலில் 2 லட்சம் சொல் இருந்தாலும் 20 லட்சம் இருந்தாலும் சராசரிச் செலவு ஏறத்தாழ ஒன்றே. மேலே சொன்ன கணக்கில் வரும் 25 லட்சம் தேடலும் (5 லட்சம் பெருக்கல் 5) ஒரு நொடிக்குள் அடங்கும். நிரலில் மாற வேண்டியது ஒரே ஒரு வரி: பட்டியலை வாசித்து முடித்ததும் அதைச் செட்டாக மாற்றிக்கொள்வது.

அந்த ஒரு வரியை எங்கே வைப்பது என்பது முக்கியம். தேடும் இடத்திலேயே, லூப்புக்குள், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள், ‘லிஸ்டைச் செட்டாக்கி அதில் பார்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி எழுதினால் ஒவ்வொரு தேடலுக்கும் 2 லட்சம் சொல்லை வைத்துப் புதிய செட் கட்டப்பட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்கப்பட்டு, தூக்கி எறியப்படும். பழைய லிஸ்டே தேவலை என்று ஆகிவிடும். “செட் போட்டேன், இன்னும் மெதுவாயிட்டு” என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது அந்த வரி லூப்புக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதைத்தான்.

நினைவகம் கூடுதலாகத் தேவைப்படும், உண்மை. ஆனால் 2 லட்சம் தமிழ்ச் சொற்களுக்குச் சில பத்து எம்பிதான். அரசு கொடுத்த பழைய லேப்டாப்பிலும் அது ஒரு பொருட்டே இல்லை.

ஒரே சொல், ஒரே கேள்வி

இன்னொரு வீண்வேலை கொஞ்சம் மறைவானது. பேச்சில் ‘அது’, ‘என்ன’, ‘அப்புறம்’, ‘வந்து’ ஆகியவை ஆயிரக்கணக்கான தடவை வரும். ஒவ்வொரு தடவையும் நிரல் அதைப் புதிதாகப் பார்ப்பதுபோலவே பட்டியலில் தேடுகிறது, விகுதி கழற்றுகிறது. விடை மாறப்போவதில்லை.

முதலில் உரை முழுவதையும் எண்ணிவிடுவதுதான் நல்லது. பைத்தானோடு வரும் கலெக்ஷன்ஸ் தொகுப்பில் இருக்கும் கவுன்ட்டர் இதற்கென்றே இருப்பது. சொற்களைக் கொடுத்தால் எந்தச் சொல் எத்தனை தடவை என்ற கணக்கைத் தந்துவிடும். உள்ளே எண்ணும் வேலை சி-யில் எழுதப்பட்டிருப்பதால் நாம் பைத்தானில் எழுதும் லூப்பைவிட வேகம். 5 லட்சம் சொல்லில் வெவ்வேறு சொற்கள் 80 ஆயிரம் என்றால், விகுதி ஆராய்ச்சி 80 ஆயிரம் தடவை நடந்தால் போதும். எண்ணிக்கையும் கையோடு கிடைக்கிறது. ‘வெள்ளன’ எத்தனை தடவை வந்தது என்பது ஆய்வேட்டுக்கு எப்படியும் தேவை.

சிலர் இதே காரியத்துக்கு எல்ஆர்யூ கேஷ் என்ற அலங்காரத்தை ஃபங்ஷன் தலையில் வைப்பார்கள். ஒருமுறை கேட்ட கேள்வியின் விடையை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். நல்ல கருவிதான். ஆனால் எதுவும் சொல்லாமல் வைத்தால் கடைசி 128 விடைகளை மட்டுமே வைத்திருக்கும். 80 ஆயிரம் சொற்கள் புரளும் இடத்தில் 128 எந்த மூலைக்கு? எல்லை வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

விகுதி கழற்றுவதிலும் ஒன்று இருக்கிறது, இது தமிழுக்கே உரியது. ‘ஐ’ என்ற வேற்றுமை உருபை நிரலில் ‘ஐ’ என்றே எழுதி வைத்தால் ஒரு சொல்லிலும் அது சிக்காது. ‘வயலை’ என்ற சொல்லின் கடைசியில் இருப்பது ‘ஐ’ என்ற உயிரெழுத்தின் குறியெண் (கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் வைத்திருக்கும் எண்) இல்லை, ஐகாரத் துணைக்குறியின் குறியெண். ‘இல்’ என்பதும் அப்படித்தான். ‘வயலில்’ என்பதில் இகரக் குறி வரும், ‘இ’ வராது. இந்தப் பிழை இருந்தால் நிரல் எல்லா விகுதிகளையும் சோதித்துவிட்டு, எதுவும் பொருந்தவில்லை என்று ‘வயலை’யை வட்டாரச் சொல்லாக எழுதிவைக்கும். விகுதிப் பட்டியலைத் துணைக்குறியில் தொடங்கும்படி எழுத வேண்டும். எழுதிய பிறகு எல்லா விகுதிகளையும் ஒரே டப்பிளாக (மாறாத அடுக்காக) கொடுத்தால் எண்ட்ஸ்வித் ஒரே அழைப்பில் பார்த்துச் சொல்லும். எதுவும் இல்லாத சொல்லை அங்கேயே விட்டுவிடலாம்.

தமிழ் உரைக்குள் ஒளிந்திருக்கும் தாமதம்

வேகத்தைப் பற்றிப் பேசும்போது எழுத்துக் குறியீட்டை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். இங்கே பிழையும் தாமதமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பட்டியலில் உள்ள சொல்லே உரையில் வேறு உருவில் வந்தால், நிரல் அதைக் கண்டுபிடிக்காமல் எல்லா விகுதிகளையும் சோதித்து, நீண்ட வழி முழுக்கச் சுற்றிவிட்டு, கடைசியில் தவறான விடையைத் தரும்.

‘திருநெல்வேலி’யை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடில் 12 குறியெண்: ஆறு மெய்யெழுத்துகளின் உருவும் ஆறு துணைக்குறிகளும், புள்ளியையும் சேர்த்து. யூடிஎஃப்-8 முறையில் சேமித்த ஃபைலில் அது 36 பைட். இந்தச் சொல்லைக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி ஒட்டாமல் பிரிக்க ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ‘சொல் எழுத்து’ என்று பொருள்படும் பேக்ஸ்லாஷ் டபிள்யூவைப் போடுவதுதான் வழக்கம். ஆங்கில உரைக்கு எல்லாப் பாடங்களிலும் அதுதான் இருக்கும். பைத்தானோடு வரும் ஆர்ஈ தொகுப்பு துணைக்குறிகளையும் புள்ளியையும் சொல் எழுத்தாகக் கருதுவதில்லை. விளைவு: த, ர, ந, ல, வ, ல என்று ஆறு துண்டு. ஒரு சொல்லுக்கு ஆறு தேடல், ஆறும் குப்பை. நேரமும் ஆறு மடங்கு, விடையும் பயனில்லை. இதில் வேடிக்கை, பைத்தான் 3-இல் ஒரு மாறிக்கு ‘சொற்கள்’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளும். அதே சொல்லைக் காட்டி ‘இதில் இருப்பதெல்லாம் எழுத்துதானா’ என்று இஸ்ஆல்ஃபாவிடம் கேட்டால் இல்லை என்று சொல்லும். தமிழுக்கான யூனிகோடு வீச்சை, 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை, நாமே வெளிப்படையாகக் கொடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு. ரீஜெக்ஸ் என்ற பெயரில் வெளியிலிருந்து நிறுவிக்கொள்ளும் தொகுப்பு துணைக்குறிகளைச் சரியாகவே எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது ஒகரம். ‘சொன்னாவ’ என்பதில் உள்ள ‘சொ’வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பைத்தானுக்கு இரண்டும் வெவ்வேறு சொல். ஒருவர் போனிலும் இன்னொருவர் கணினியிலும் தட்டச்சு செய்த உரைகளைச் சேர்த்தால் இது கட்டாயம் தலைகாட்டும். யூனிகோட்டேட்டா தொகுப்பின் நார்மலைஸ் ஃபங்ஷனை என்எஃப்சி என்ற ஒன்றிணைந்த வடிவம் கேட்டுக் கூப்பிட்டால் இரண்டும் ஒன்றாகும். ஆனால் அதைச் சொல்லுக்கு ஒருமுறை கூப்பிடக் கூடாது. உரையை வாசித்ததும் முழு உரைக்கும் ஒருமுறை, சொற்பட்டியலுக்கு ஒருமுறை. என்எஃப்சி தீர்க்காத ஒன்றும் உண்டு. ஸ்ரீவைகுண்டத்தின் ‘ஸ்ரீ’யை ‘ஸ’வை வைத்தும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வை வைத்தும் எழுதலாம். இவற்றை யூனிகோடு வெவ்வேறாகவே வைத்திருக்கிறது. நாமே ஒரு ரிப்ளேஸ் போட்டு ஒன்றாக்க வேண்டும்.

ஃபைலின் முதல் சொல் மட்டும் எப்போதும் ‘இல்லை’ என்று வந்தால், முன்னால் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டியிருக்கும். ஃபைலைத் திறக்கும்போது யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் போய்விடும். சில விசைப்பலகைகள் இடையில் விட்டுவைக்கும் அகலமில்லா இணைப்பறுப்புக் குறியும் இதே வகை. முதலிலேயே நீக்கிவிடுங்கள்.

அச்சகங்களிலிருந்து வரும் பழைய உரை என்றால் பாமினி போன்ற எழுத்துருவில் இருக்கும். அதை யூனிகோடாக்க எண்பது, தொண்ணூறு ரிப்ளேஸ்களை வரிசையாக எழுதுவார்கள். பார்க்க அழகில்லை, ஆனால் வேலை நடக்கும். 50 ஆயிரம் வரி உள்ள உரையில் ஒவ்வொரு வரிக்கும் 80 ரிப்ளேஸ் என்றால் 40 லட்சம் அழைப்பு. வரியாகப் பிரிக்கும் முன்பே முழு உரையின் மீது நடத்தினால் 80 அழைப்பு. புரட்டப்படும் எழுத்துகளின் அளவு இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம், வேலை முழுவதும் பைத்தானின் உள்ளே சி-யில் நடக்கிறதா, அல்லது ஒவ்வொரு வரிக்கும் நம் லூப்புக்கு வந்து வந்து போகிறதா என்பதில் இருக்கிறது.

வாசிப்பும் எழுத்தும்

வாசிப்பில் பெரிதாக மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. உரையை ஃபைலாக இல்லாமல் உள்ளீடாகத் தள்ளுகிறவர்கள் வரிக்கு ஒருமுறை இன்புட்டைக் கூப்பிடுவதைவிட, சிஸ் தொகுப்பின் ஸ்டிடின்னை நேராக லூப்பில் ஓட்டலாம். இன்புட் ஒரு ஆளிடம் கேள்வி கேட்டு விடை வாங்குவதற்காக எழுதப்பட்டது, லட்சம் வரி வாசிப்பதற்காக இல்லை.

எழுதும் பக்கம்தான் பிழைகள் அதிகம். புதுச் சொல் கிடைக்கும்போதெல்லாம் விடை ஃபைலைத் திறந்து, கடைசியில் ஒரு வரி சேர்த்து, மூடுவது பல நிரல்களில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் இயங்குதளத்தின் வாசல் வரை போய்வர வேண்டும்; விண்டோஸில் வைரஸ் தடுப்பு நிரலும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். சொற்களை ஒரு லிஸ்டில் சேர்த்துக்கொண்டு, முடிந்ததும் ஜாயின் செய்து ஒரே தடவையில் எழுதினால் போதும். ‘எதுவரை வந்திருக்கிறது’ என்று பார்க்க ஒவ்வொரு சொல்லையும் திரையில் அச்சிடுவதும் இதே கதை. ஆயிரத்துக்கு ஒன்று காட்டினால் மனம் ஆறும்.

ஒரு விநோதம். பைத்தான் 3.3-இலிருந்து சரம் ஒவ்வொன்றும் தன்னுள் இருக்கும் மிகப் பெரிய குறியெண்ணைப் பொறுத்து எழுத்துக்கு 1, 2 அல்லது 4 பைட் எடுத்துக்கொள்கிறது. தமிழுக்கு 2. முழு உரையையும் ஒரே சரமாக வாசிக்கும்போது, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்பிலிருந்து ஒரே ஒரு சிரிப்பு எமோஜி உள்ளே இருந்தால் போதும். எழுத்துக்கு 4 பைட் ஆகி மொத்தச் சரமும் இரட்டிப்பாகும். வரி வரியாக வாசித்தால் அந்த ஒரு வரி மட்டுமே வீங்கும்.

அகர வரிசையும் விடைச் சரிபார்ப்பும்

விடையை வரிசைப்படுத்தாமல் கொடுத்தால் வழிகாட்டிப் பேராசிரியர் ஏற்கமாட்டார். பைத்தானின் சார்ட்டை அப்படியே கூப்பிட்டால் வருவது குறியெண் வரிசை, நெடுங்கணக்கு வரிசை இல்லை. யூனிகோடில் ‘ன’ என்பது ‘ப’வுக்கு முன்னாலும், ‘ற’ என்பது ‘ல’வுக்கு முன்னாலும், ‘ழ’, ‘ள’ இரண்டும் ‘வ’வுக்கு முன்னாலும் வருகின்றன. புள்ளியோ துணைக்குறிகளுக்கு எல்லாம் பின்னால். இதைச் சரிசெய்ய இரண்டு சொல்லை ஒப்பிட்டு எது முந்தியது என்று சொல்லும் ஃபங்ஷன் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 80 ஆயிரம் சொல்லை வரிசைப்படுத்த அந்த ஃபங்ஷன் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை கூப்பிடப்படும். அதற்குப் பதிலாக கீ என்ற வசதிக்கு ஒரு ஃபங்ஷனைக் கொடுத்தால், சொல்லுக்கு ஒரே தடவை, ஆக 80 ஆயிரம் தடவைதான் அது ஓடும். அந்த ஃபங்ஷன் செய்ய வேண்டியது ஒரு டிரான்ஸ்லேட் மட்டுமே: ஒவ்வொரு குறியெண்ணையும் நெடுங்கணக்கில் அதன் இடத்தைக் காட்டும் வேறொரு குறியாக மாற்றுவது, புள்ளிக்கு எல்லாவற்றுக்கும் முந்தைய இடம் கொடுப்பது.

வரிசைப்படுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. வேகப்படுத்திய நிரல் பழைய விடையையே தருகிறதா என்று பார்க்க வேண்டும். செட்டிலிருந்து சொற்கள் வெளியே வரும் வரிசை ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும். சொல்லுக்கு எண் கணக்கிடும் முறையில் பைத்தான் வேண்டுமென்றே தற்செயலைக் கலக்கிறது. ஆகவே பழைய விடை, புதிய விடை இரண்டையும் வரிசைப்படுத்திவிட்டு ஒப்பிட்டால்தான் ஒப்பீடு செல்லும். உரையின் ஒரு சிறு பகுதிக்குப் பழைய நிரலின் விடையை முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒப்பிடுவது நல்ல பழக்கம். எழுத்துருவங்களை ஒன்றாக்கும் மாற்றத்தில் மட்டும் விடை மாறும், மாறவும் வேண்டும். அங்கே எந்தச் சொற்கள் காணாமல் போயின என்று உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

த்ரெட் யோசனைக்கு இப்போது பதில் சொல்லலாம். சாதாரணப் பைத்தானில் ஒரே நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைட்கோடை நடத்த முடியும், ஜில் என்ற பூட்டு அப்படி வைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் வந்த 3.13-இல் அந்தப் பூட்டு இல்லாத தனிப் பதிப்பு சோதனையாக வெளிவந்தது. பூட்டைத் தாண்டத் தனித்தனி ப்ராசஸ்களாக, ஒன்றையொன்று சாராத நிரல்களாக ஓட்டலாம்தான், ஆனால் விண்டோஸில் ஒவ்வொரு ப்ராசஸும் முதலிலிருந்து தொடங்கி, 2 லட்சம் சொல்லைத் தன் பங்குக்குத் திரும்ப ஏற்றிக்கொள்ள வேண்டும். சில நொடிகளில் முடியும் வேலைக்கு அந்த ஏற்பாடே அதிகச் செலவு. நூறு மடங்கு பெரிய உரைத்தொகுப்பு கையில் வரும்போது யோசிக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு வரும் விடைப் பட்டியலில் ‘அங்கன’வும் ‘ஏட்டி’யும் மட்டும் இருக்காது. உவரி, களக்காடு, முக்கூடல், அம்பை என்று ஊர்ப்பெயர்களும், ஆட்பெயர்களும், ‘பஸ்ஸு’, ‘ரேசன்’ போன்றவையும் குவியும். பொதுச் சொற்பட்டியலில் அவை இல்லாதது இயல்பு. இவற்றுக்குத் தனியாக ஒரு பட்டியல் தயாரித்து அதே செட்டில் சேர்த்துவிடலாம். 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் பிரிவதற்கு முன்பிருந்த பழைய நெல்லை மாவட்டத்தின் எல்லா ஊர்களையும் போட்டாலும் சரி, செட் கொஞ்சம் பெரிதாகுமே தவிர ஓடும் நேரம் கூடாது. பட்டியல் லிஸ்டாக இருந்த காலத்தில் ஒவ்வொரு ஊர்ப்பெயரைச் சேர்க்கும்போதும் ஓட்டம் இன்னும் நீண்டிருக்கும். அதனாலேயே மாணவி அந்தப் பெயர்களைச் சேர்க்காமல் விட்டு, விடைத்தாளில் கையால் அடித்துக்கொண்டிருந்தார்.